ஒரு கதவைத் திறக்க மூன்று நாள்

"கதவைத் திறக்கிறேன்."
"பூட்டியிருக்கிறது."
"பூட்டை உடைக்கப் பார்க்கிறேன்."
"சரி, டைஸ் போடு."

ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினால் இது அரை நிமிடம். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு எழுத்து வழியே ஆடினால் இதே நாலு வரிக்கு மூன்று நாள் போய்விடும். காலையில் ஒருவன் எழுதுவான், ராத்திரி நான் பார்ப்பேன், என் பதிலை அவன் மறுநாள் மத்தியானம் பார்ப்பான். நண்பர்களுக்கு இப்படி ரோல்பிளேயிங் ஆட்டம் நடத்த ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. விதிகள், கதை, வரைபடம் என்று எதைப் பற்றி யோசித்தாலும் கடைசியில் அந்த மூன்று நாளை எப்படி ஒரு நாளாக்குவது என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் கதையை நடத்துவார், அவர் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்). மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர் எடுத்துக்கொள்வார்கள். கேரக்டர் என்ன செய்கிறது என்று ஆடுபவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் டைஸ் தீர்ப்புச் சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்தக் குடும்பத்துக்கு மூத்தது. ஆனால் தபாலில் ஆட்டம் ஆடும் வழக்கம் அதற்கும் முந்தையது. டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்தை அமெரிக்காவில் 1963லேயே கடிதம் போட்டு ஆடியிருக்கிறார்கள். 1970இல் ரிக் லூமிஸ் தொடங்கிய தபால் போர் ஆட்டம் பிற்பாடு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அவர்கள் தபால்காரருக்காகக் காத்திருந்தார்கள். நாம் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நண்பன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிவதைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறோம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் கொடுமை.

நேரலையில் வீடியோவில் ஆடலாமே என்று கேட்பார்கள். நான் கோவையில் இருக்கிறேன். ஒருவன் சென்னை, ஒருவன் திருச்சி, ஒருவன் டொரொண்டோ, கூடவே சென்னை நண்பனின் அக்கா சிங்கப்பூரில். எனக்கு ராத்திரி ஒன்பது மணி என்றால் அக்காவுக்குப் பதினொன்றரை, மறுநாள் காலையில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். டொரொண்டோவில் அப்போது காலை பதினொன்றரை, அவன் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பான். நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்ததும் அது பத்தரையாகிவிடும். வாரத்தில் மூன்று மணி நேரம் ஐந்து பேருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்காது. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். பஸ்ஸில், மதிய சாப்பாட்டுக்குப் பிறகு, குழந்தை தூங்கிய பிறகு. அந்தப் பத்து நிமிடங்களைக் கோத்துத்தான் ஆட்டம்.

இடம் டிஸ்கார்ட். வாட்ஸாப் குழு இதற்குச் சரிப்படாது. காலை வணக்கப் படத்துக்கும் கிரிக்கெட் ஸ்கோருக்கும் நடுவில் கதை மூழ்கிவிடும். டிஸ்கார்டில் சேனல்களைப் பிரித்துவைக்கலாம். எங்களுக்குக் கதைக்கு ஒன்று, அரட்டைக்கும் விதிச் சந்தேகத்துக்கும் ஒன்று, டைஸுக்கு ஒன்று. டைஸை பாட் என்ற தானியங்கி நிரல் உருட்டும், எல்லோருக்கும் தெரியும்படி எண் விழும், யார் மேலும் சந்தேகம் வராது. கதைச் சேனலில் கதை மட்டும். "மச்சி, இந்த மந்திரம் எத்தனை அடி போகும்?" என்ற கேள்வி அங்கே வந்தால் நான் பதில் சொல்வதில்லை, அரட்டைக்கு நகர்த்திவிடுவேன். கறாராகத்தான் தெரியும். ஆனால் பழைய பக்கங்களைத் தொடர்ச்சியாக மேலே தள்ளிப் படிக்கும்போது அதன் அருமை தெரியும். இலவசக் கணக்கில் ஒரு செய்திக்கு 2000 எழுத்துதான் எல்லை. அதையும் நான் வரமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் நீளும் போஸ்டை யாரும் போனில் முழுசாகப் படிப்பதில்லை.

தொடங்குமுன் ஒருநாள் எல்லோரையும் எப்படியாவது ஒரு அழைப்பில் பிடித்துவிடுவேன். எப்படிப்பட்ட கதை வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்று அப்போதே பேசிவிட வேண்டும். சிங்கப்பூர் அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார், குழந்தைகளுக்குக் கெடுதல் வருகிற காட்சி எதுவும் கூடாது என்று. அதோடு வேகத்தையும் முடிவு செய்வோம். எங்கள் கணக்கு: வாரநாளில் ஆளுக்கு ஒரு போஸ்ட், சனி ஞாயிறு கட்டாயமில்லை, நாற்பத்தெட்டு மணி நேரம் சத்தமில்லை என்றால் அந்தக் கேரக்டரை நான் நகர்த்திக்கொண்டு போவேன். நாளைக்கு ஐந்து போஸ்ட் போடுபவனும் வாரத்துக்கு இரண்டு போடுபவனும் ஒரே ஆட்டத்தில் இருந்தால் இருவருக்குமே எரிச்சல் வரும். மெதுவானவர் மேல் தப்பில்லை, வேகமானவர் மேலும் தப்பில்லை. முன்கூட்டிப் பேசவில்லை என்பதுதான் பிரச்சினையாக இருக்கும்.

நான் நகர்த்துவது எப்படி என்பதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொருவரும் தங்கள் கேரக்டர் பற்றி மூன்று வரி எழுதிப் பின் பண்ணிவைக்க வேண்டும்: நான் ஊரில் இல்லாவிட்டால் இவர் என்ன செய்வார்? டொரொண்டோக்காரன் எழுதியது இது: "எல்லோருக்கும் பின்னால் நிற்பார். யாருக்காவது அடிபட்டால் இழுத்துக்கொண்டு ஓடுவார். பணம் கேட்டால் இல்லை என்பார்." இதைவிட ஒரு டி.எம்.முக்கு என்ன வேண்டும்? அவன் வேலை விஷயமாக ஒரு வாரம் காணாமல் போனபோது அந்தக் கேரக்டர் ஓரிடத்தில்கூடத் தடம் மாறவில்லை. திரும்பி வந்து படித்துவிட்டு, "நான் எழுதினால்கூட இவ்வளவு கஞ்சனாக இருக்க மாட்டார்" என்றான்.

இப்போது ஓடும் கதையைச் சொல்லிவிடுகிறேன், உதாரணங்கள் அதிலிருந்துதான். நாகப்பட்டினம், ராஜேந்திர சோழன் காலம், 1025ஆம் ஆண்டு என்று சொல்லப்படும் கடாரப் படையெடுப்புக்குச் சற்று முன்பு. கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் அப்போது இருக்கிறது. அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்திருந்தான். அதாவது எந்த நாட்டின் மேல் படை போகப் போகிறதோ, அந்த நாட்டு அரசன் எழுப்பிய விகாரம் நம் துறைமுகத்திலேயே நிற்கிறது. வியாபாரிகளுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இதைவிட நல்ல சிக்கலை நான் உட்கார்ந்து கற்பனை செய்திருக்க முடியாது. அதன்மேல் என் பங்குக்கு ஒரு திருட்டைப் போட்டேன்: ஆனைமங்கலத்து வரவு செலவு எழுதிய ஓலைக்கட்டு ஒன்று விகாரத்திலிருந்து காணாமல் போகிறது. தேடப் போகிறவர்கள் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைச் சேர்ந்த நால்வர்: கணக்கர் சாத்தன் (டொரொண்டோக்காரன்), வணிகக் கூட்டத்துக்குக் காவல் போகும் வில்லாளி கோதை (சென்னைக்காரன்), மருத்துவச்சி நங்கை (சிங்கப்பூர் அக்கா), கடலோடி மாறன் (திருச்சிக்காரன்).

இனி கதவுக்கு வருகிறேன். "நீங்கள் சுங்கச் சாவடியின் பின்கதவுக்கு வருகிறீர்கள். என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரு போஸ்ட் போட்டால் நாலு பேரும் நாலு கேள்வி கேட்பார்கள். பூட்டு இருக்கிறதா, காவல் இருக்கிறதா, உள்ளே சத்தம் கேட்கிறதா, எங்களை யாராவது பார்க்கிறார்களா. பதில் சொல்லவே ஒரு நாள். இதே இடத்தில் நான் போட்ட போஸ்ட் இப்படி இருந்தது:

"இரண்டாம் சாமம். சாவடியின் பின்கட்டில் ஒரே ஒரு காவலாள், தூணில் சாய்ந்து அரைத்தூக்கத்தில். கதவுக்குப் பூட்டு இல்லை, உள்தாழ் மட்டும். கத்தி நுனி நுழையும் அளவுக்கு இடுக்கு இருக்கிறது. கோதை, நீ நிற்கும் இடத்திலிருந்து கழிமுகத்தில் ஒரு தோணி தெரிகிறது, விளக்கில்லாமல் இந்தப் பக்கம்தான் வருகிறது. கரை சேர ஒரு நாழிகை ஆகும். சாத்தா, முற்றத்து மிளகு மூட்டைகளில் இருக்கும் முத்திரை உன் கணக்கில் இல்லாத முத்திரை. கதவைத் தொடுபவர் இப்போதே டைஸ் போடலாம். பத்தும் அதற்கு மேலும் என்றால் சத்தமே இல்லை. ஏழிலிருந்து ஒன்பது என்றால் கதவு திறக்கும், காவலாள் கண் விழிப்பான். ஆறும் அதற்குக் கீழும் என்றால் தாழ் விழும் சத்தம் தோணி வரைக்கும் கேட்கும்."

கேட்கப் போகும் கேள்விகளுக்கு முன்பே பதில் இருக்கிறது. கதவு, காவலாள், தோணி, மூட்டை என்று பிடித்துக்கொள்ள நாலு கொம்பு இருக்கிறது. ஒருவர் கதவைத் திறக்கும்வரை மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. முக்கியமாக, டைஸ் விழுந்தால் என்ன ஆகும் என்பது விழுவதற்கு முன்பே தெரியும். திருச்சி நண்பன் எட்டு போட்டான். என்னைக் கேட்காமலே எழுதினான்: கதவு திறக்கிறது, காவலாள் விழிக்கிறான், மாறன் அவனிடம் போய் வெற்றிலை கேட்கிறான். நான் அன்று மாலை திறந்து பார்த்தபோது காட்சி பாதி முடிந்திருந்தது.

ஆடுபவர்களும் இதே பழக்கத்துக்கு வர வேண்டும். "காவலாளியைப் பார்க்கிறேன்" என்பது அரைப் போஸ்ட். "தூங்கினால் தாண்டிப் போகிறேன், விழித்திருந்தால் நங்கையின் மருந்துப் பெட்டியைக் காட்டி உள்ளே நோயாளி இருப்பதாகச் சொல்கிறேன்" என்பது முழுப் போஸ்ட். இப்படி எழுதச் சொல்லிக் கொடுப்பதைவிட கதையில் நான் பேசவைக்கும் ஆட்களை வைத்து நானே எழுதிக் காட்டினால் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. சிங்கப்பூர் அக்கா இதில் எங்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். அவர் ஒரு போஸ்ட் போட்டால் மூன்று "ஒருவேளை" இருக்கும்.

துப்பு தேடும் கதையில் இன்னொரு தொல்லை உண்டு. அவசியமான துப்பு டைஸுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், டைஸ் கவிழ்ந்த அன்றே கதையும் நின்றுவிடும். ராபின் லாஸ் எழுதி 2007இல் வெளிவந்த கம்ஷூ என்ற துப்பறியும் ஆட்ட முறையில் இதற்கு நேரடியான தீர்வு இருக்கிறது: சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினால் முக்கியத் துப்பு கிடைத்தே தீரும், டைஸ் கிடையாது. நேரலை ஆட்டத்தில் இதைப் பற்றி இரண்டு கருத்து இருக்கலாம். எழுத்து ஆட்டத்தில் எனக்கு ஒரே கருத்துதான். மூட்டையில் இருப்பது தன் கணக்கில் இல்லாத முத்திரை என்று சாத்தனுக்குத் தெரிந்ததை நான் டைஸ் இல்லாமல் சும்மா சொல்லிவிட்டதும் அதனால்தான்.

சண்டை தனி அத்தியாயம். முதலில் நாங்கள் ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. அதில் இனிஷியேட்டிவ் என்று ஆளுக்கொரு வரிசை எண். அந்த வரிசையில்தான் அடிக்க வேண்டும். வரிசையில் இரண்டாவதாக நிற்பவர் சிங்கப்பூரில் தூங்கப் போய்விட்டால் மற்றவர்கள் விடியும்வரை வாளை ஓங்கியபடி நிற்க வேண்டியதுதான். ஒழுங்காக விதிப்படி போனால் நாலைந்து சுற்றுச் சண்டை ஒரு மாதத்தை விழுங்கும். அதே முறையில்தான் ஆடுவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவு. எதிரிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே எண் போடுங்கள். அதைவிட அதிகம் போட்டவர்கள் முதலில், எந்த வரிசையிலும் எழுதலாம், அப்புறம் எதிரிகள், அதற்குப் பிறகு நம் ஆட்கள் அத்தனை பேரும், அப்புறம் எதிரிகள் என்று மாறி மாறி. எதிரியின் கவச எண்ணையும் உயிர்ப் புள்ளியையும் திறந்தே வையுங்கள். அடிபட்டதா, செத்தானா என்று ஆடுபவரே எழுதிவிடுவார். எதிரியின் முறையில் பாதியில் குறுக்கிடும் ஷீல்டு போன்ற மந்திரங்களை ஆடுபவர் எப்போது பயன்படுத்துவார் என்று முன்பே எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகு கடைசி எதிரியை விரட்டிக்கொண்டு ஒரு வாரம் ஓடாதீர்கள், அவன் சரணடையட்டும்.

நாகப்பட்டினத்துக்கு நாங்கள் இரண்டு ஆறுமுக டைஸ் முறைக்கு மாறிவிட்டோம், 2010இல் வின்சென்ட் பேக்கரின் அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்தோடு பரவிய முறை அது. மேலே அந்தப் போஸ்டில் பார்த்த பத்து, ஏழு, ஆறு கணக்கு அதுதான். எதிரிக்குத் தனி முறையே கிடையாது. நீ போடும் ஒரே டைஸில் உன் அடியும் தெரியும், உனக்கு விழும் அடியும் தெரியும். எண்களோடு விளையாடுவதில் ருசி கண்டவர்களுக்கு இது சப்பென்றிருக்கும்; சென்னைக்காரன் இன்றும் புலம்புகிறான். ஆனால் சாவடிச் சண்டை நாலு நாளில் முடிந்தபோது அவன்தான் முதலில் அடுத்த காட்சி எங்கே என்று கேட்டான்.

மேசை ஆட்டத்தில் கூட்டத்தைப் பிரிக்காதே என்று ஒரு வேதவாக்கு உண்டு. ஒருவர் தனியாகப் போனால் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். எழுத்தில் இதைத் தாராளமாக மீறலாம். கோதையும் மாறனும் தோணியைப் பார்க்கப் போக, சாத்தனும் நங்கையும் சாவடிக்குள் நுழைய, இரண்டு த்ரெட், அதாவது சேனலுக்குள் இரண்டு கிளை உரையாடல், திறந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. அடுத்தவர் த்ரெட்டையும் எல்லோரும் விடாமல் படித்தார்கள், அரட்டையில் கத்தினார்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஒரு பக்கம் விடிந்து சூரியன் வந்துவிட, இன்னொரு பக்கம் நடுராத்திரியிலேயே நிற்கக் கூடாது. அதற்குத்தான் நாழிகைக் கணக்கு. ஒரு நாழிகை இருபத்து நாலு நிமிடம். ஆறு கட்டம் போட்டு மேலே பின் பண்ணிவைத்தேன். பெரிதாக ஏதாவது செய்தால் ஒரு கட்டம் நிறையும், ஆறும் நிறைந்தால் சுங்க அதிகாரி பல்லக்கில் வந்து இறங்குவார். ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்தில் வரும் கடிகாரம்தான் இது, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன். நாலாவது கட்டம் நிறைந்ததும் எல்லோருடைய போஸ்டும் தானாகச் சின்னதாகிவிட்டது.

எழுத்தில் குரல் கேட்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை கோதை நங்கையைப் பார்த்து, "உன் கஷாயத்தால் செத்தவர்கள்தான் அதிகம்" என்றாள். அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து இரண்டு நாள் போஸ்டே இல்லை. தம்பி எழுதிய வரிதான், இருந்தாலும் சென்னைக்காரனுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. விசாரித்தால், அக்கா வீட்டில் இன்டர்நெட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் உண்மையிலேயே மனசு நொந்திருந்தாலும் திரையில் இதேபோல்தான் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து கேரக்டர் கடிந்து பேசினால் அரட்டையில் ஒரு வரி கட்டாயம் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்: "கோபம் கோதைக்குத்தான் அக்கா, எனக்கில்லை." சில சமயம் கதையைவிட இந்த வரிகள் சிரிப்பாக இருக்கும்.

ஆட்கள் மறைவது இந்த ஆட்டத்தின் இயல்பு. முந்தைய கதையில் ஒரு தோழி இருந்தாள். கைக்குழந்தையோடு அவளால் தினமும் எழுத முடியவில்லை. குழுவில் எல்லோர் முன்னாலும் "எங்கே போஸ்ட்?" என்று கேட்டால் வெட்கப்பட்டே போய்விடுவார்கள், தனியாகத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். அவளுடைய கேரக்டர் மரியாதையாகக் கப்பலேறிப் போனது. இப்போது அவள் எப்போதாவது வந்து, விகாரத்து மூத்த பிக்குவுக்கு மட்டும் வசனம் எழுதிக் கொடுக்கிறாள். வாரம் ஒரு வரி. அந்த பிக்குதான் எங்கள் கதையிலேயே எல்லோருக்கும் பிடித்த ஆள்.

இவ்வளவு இழுபறிக்கும் ஈடாக எழுத்து ஒன்றைக் கொடுக்கிறது. சொன்னது எதுவும் காற்றில் போவதில்லை. கதை ஆரம்பத்தில் தரகர் காடன் என்று ஒருவரை உலவவிட்டேன். பேச்சோடு பேச்சாக, "எனக்குக் கடல் என்றாலே குமட்டல், கரையைவிட்டு இறங்கியதே இல்லை" என்று சொல்லவைத்தேன். பல மாதம் கழித்து அதே காடன், கடாரத் துறையில் கர்ப்பூரத்தை எப்படி எடை போடுவார்கள் என்று ஏதோ விலைப் பேச்சில் விவரித்தார். யாரும் கவனிக்க மாட்டார்கள், கடைசியில் நானே உடைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அன்று ராத்திரியே டொரொண்டோக்காரன் தேடு பெட்டியில் "கடல்" என்று போட்டுப் பழைய வரியைத் தோண்டி எடுத்துவிட்டான். சாத்தன் எழுந்து, "தரகரே, கரையைவிட்டு இறங்காதவருக்குக் கடாரத்துத் தராசு எப்படித் தெரியும்?" என்றான். அரட்டைச் சேனல் அன்று தூங்கவில்லை. மேசையில் மாதக்கணக்கில் இப்படி ஒரு வரியைப் புதைத்துவைக்கவும் முடியாது, தோண்டவும் முடியாது.

தனிச் சேனல்களும் அப்படித்தான். மாறன் ஸ்ரீவிஜயத்துக்கு ஒற்று சொல்பவன் என்பது எனக்கும் திருச்சிக்காரனுக்கும் மட்டும் தெரியும். நேரில் ஆடியிருந்தால் அவன் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

கடைசியாக அளவு. மேசையில் ஒரு சாயங்காலத்தில் முடியும் கதைக்கு எழுத்தில் இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஐந்து பாகக் காவியத்துக்குத் திட்டம் போடாமல், தானாக முடியும் சின்ன அத்தியாயமாகப் போடுவது நல்லது. ஓலைக்கட்டு கிடைத்துவிட்டால் ஒரு அத்தியாயம் முடிந்தது. இடையில் இரண்டு வாரம் லீவு. வர முடியாதவர்கள் அங்கே கௌரவமாக இறங்கிக்கொள்ளலாம், புதியவர்கள் ஏறிக்கொள்ளலாம். ஒவ்வொரு காட்சி முடிவிலும் பத்து வரியில் கதைச்சுருக்கம் எழுதிப் பின் பண்ணிவிடுவேன். இரண்டு வாரம் காணாமல் போனவன் முந்நூறு போஸ்டைப் படித்துவிட்டு வருவான் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

எங்கள் ஓலைக்கட்டு போன மாதம் கிடைத்துவிட்டது, காடனின் மிளகு மூட்டைக்குள்ளிருந்து. அடுத்த அத்தியாயம் கடாரம் போகும் கப்பலில். சாத்தன் கரையிலேயே இருந்துகொண்டு கணக்குப் பார்க்கலாமா என்று டொரொண்டோக்காரன் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.